கரையை வெட்டியது நான்தான்

தம்பி,

நீ வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் பாவம், அந்த வெயிலில் மொபெட்டில் வந்திருந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார். “ஒரே ஒரு வரிதாம்மா. கூட்டத்துல சொன்னது பதட்டத்துல சொன்னது, கரைய நான் வெட்டல, அவ்வளோதான். உங்க பையனே சொல்லியிருக்காரு, போட்ருங்க” என்றார். எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் காட்டி என்ன ஆகப்போகிறது? அந்தத் தாளைப் பெற்ற பிள்ளையே அனுப்பியிருக்கும்போது, சொல்ல வேண்டியதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். போனில் உன்னோடு பேச முடிவதில்லை. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் “அம்மா, உனக்குப் புரியாது” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சிதம்பரம் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். சர்க்கரை ஆலைக் குட்டையின் கரையை வெட்டி ஏரியைக் கெடுத்தது நீதானா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் தண்டனை எனக்கு. இல்லை என்றால் பழி மறுபடியும் ஆலையின் தலையில் விழும், இப்போது கொடுத்திருக்கும் தற்காலிக அனுமதி பறிபோகும், கார்த்திகையில் தொடங்க வேண்டிய அரவை நடக்காது. உன் கல்யாணம் கோர்ட்டுக்கு அடுத்த வாரம். மாப்பிள்ளையின் அம்மா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று பேப்பரில் வந்தால் ஸ்டெல்லா வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று உனக்குப் பயம். பயப்படுவதில் தப்பில்லை. அந்தப் பயத்துக்காக என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

உனக்கு இந்த ஆலை மேல் ஏன் இத்தனை ஆத்திரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சுனாமி வந்தபோது நீ சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, நீ தேவனாம்பட்டினத்தில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாய். “ஊருக்கு உழைக்கிறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?” என்று நான் கத்தினேன். அது நான் செய்த முதல் தப்பு, இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அங்கேதான் ஸ்டெல்லாவைப் பார்த்தாய். கடலூர் முதுநகரில் அவள் வீட்டுக்குப் போனாய், அவள் அப்பா சூசைராஜ் உப்பனாற்றில் வலை வீசுகிறவர், ரசாயனக் கம்பெனித் தண்ணீர் ஆற்றுக்கு என்ன செய்தது என்று உனக்குக் காட்டினார். அதற்குப் பிறகு புகைபோக்கி வைத்த கட்டடம் எதைப் பார்த்தாலும் உனக்கு அந்த ஆறுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் பரிசோதிக்கிற வேலையை நீ எடுத்ததும் அதனால்தான். உன் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாப் புகைபோக்கியும் ஒன்றில்லை என்று உன் வீட்டுக் கரும்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தானே புயல் அடித்த அன்று நீ கடலூரில் மாட்டிக்கொண்டாய், நம்மூரில் என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் ஊரில் ஒரு கரண்ட் கம்பம் நேராக நிற்கவில்லை. கரும்பு முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடினால்தானே தொட்டி நிறையும்? அப்போது வெளிச்சம் இருந்த ஒரே இடம் ஆலை. நாம் வெட்டிக் கொடுத்த கரும்பின் சக்கையை எரித்துத்தான் அது தன் கரண்டைத் தானே எடுக்கிறது, பூமியைத் தோண்டி எடுத்த கரி இல்லை. ஆலைக்காரர்கள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஊரே குடத்தோடு போய் வரிசையில் நின்றது. கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார்கள், பத்துப் பதினைந்து செல்போன் ஒரே பலகையில் கிடந்து சார்ஜ் ஏறும். உனக்கு மூன்றாம் நாள் போன் செய்து “உசுரோட இருக்கோம்டா” என்று உங்கப்பா அழுதாரே, அது அந்தப் பலகையிலிருந்து எடுத்த போன்தான்.

படுத்த கரும்பு கணுவில் வேர் விட்டுவிடும், சாறு கெட்டுவிடும். ஆலைக்காக வயல் வயலாகச் சுற்றிக் கரும்பைப் பார்க்கிற பீல்டுமேன் ராமலிங்கம், பதிவு வரிசையைத் தூக்கி எறிந்துவிட்டு, எது விழுந்ததோ அதற்கு முதலில் வெட்ட உத்தரவு கொடுத்தார். அவர் உன்னைவிட நான்கு வயது பெரியவர், உடம்பு காய்ச்சலோடு சைக்கிளில் சுற்றினார். நம் கரும்பைத் தை மாதம் எடுத்துக்கொண்டார்கள். சாற்றை வடித்த பின் மிஞ்சும் கறுப்புச் சகதியை இரண்டு டிராக்டர் எருவாக நம் கரும்புக் கொல்லைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் ஆலையை மூடச் சொல்லி நீ எழுதிய மனுவில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

இனி நான் செய்ததைக் கேள். கரும்பு வெட்டிய கட்டையில் மறுதாம்பு துளிர்த்தது. துளிர்த்த உடனே தண்ணீர் வேண்டும். ஊருக்குள் கரண்ட் வந்துவிட்டது, கொல்லை லைனுக்கு மாசி வரைக்கும் வரவில்லை. ஆலைக்குப் பின்னால் மூன்று குட்டை இருப்பது உனக்குத் தெரியும். கழிவுத் தண்ணீர் முதல் குட்டையில் ஆறி, இரண்டாவதில் தெளிந்து, மூன்றாவதுக்கு வந்த பிறகுதான் முறை வைத்து வயலுக்கு விடுவார்கள். என் முறை வர இன்னும் எட்டு நாள். துளிர் நுனி கருகுவதைப் பார்த்துக்கொண்டு எட்டு நாள் எப்படி உட்கார்ந்திருப்பது? நம் கொல்லை வரப்பை ஒட்டி இருப்பது இரண்டாவது குட்டை. அதிலும் தண்ணீர் தண்ணீர்தானே என்று என் புத்தி சொல்லிற்று.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் மாசி மகத்துக்குக் கடலாடக் கிள்ளைக்குப் புறப்படுகிற நாள். ஊரில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை, எல்லாரும் சாமி பார்க்கப் போய்விட்டார்கள், குட்டைக் காவல்காரரும் போய்விட்டார். உங்கப்பா கூப்பிட்டார், “தலைவலி, நீங்க போய்ட்டு வாங்க” என்றேன். உச்சி வெயிலில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். நாம் வயலில் மடை வெட்டுவது எப்படி? சரித்து நாலு வெட்டு, தண்ணீர் பாயும். போதும் என்றால் அதே மண்ணை அள்ளி அடைத்துக் காலால் மிதித்துவிடுவோம். நாற்பது வருஷமாகச் செய்கிற வேலை. அதையே அங்கேயும் செய்தேன். வயல் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர், குட்டையில் இரண்டு ஆள் ஆழம் என்பது எனக்கு உறைக்கவில்லை. நாலாவது வெட்டில் கரை வாயைப் பிளந்தது. மண்ணை அள்ளிப் போட்டால் மண்ணையும் அடித்துக்கொண்டு போகிறது. காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டுக் கட்டாகப் போட்டேன், விழுந்து கிடந்த தென்னை மட்டையை இழுத்துப் போட்டேன், கடைசியில் நானே குறுக்கே உட்கார்ந்து பார்த்தேன். பழுப்புத் தண்ணீர் என்னையும் தள்ளிவிட்டு, நம் மறுதாம்பை முழுக்காட்டி, வாய்க்கால் ஏறி ஏரிக்குப் போயிற்று. “ஐயோ பெருமாளே” என்று கத்தினேன், பெருமாள் கிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் ஏரியில் மீன் செத்து மிதந்தது. அதைப் போட்டோ எடுத்து யாரோ பேப்பருக்கு அனுப்பினார்கள். நீ வந்தாய். ஏரித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தாய், பாட்டிலைச் சமையல்கட்டு மாடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். “சக்கரைத் தண்ணி ஏரிக்குப் போனா மீனு மூச்சுவிட முடியாதும்மா. கரைய ஒழுங்கா வெச்சுக்காம திறந்து விட்டுட்டானுங்க. இந்தத் தடவ விடமாட்டேன், மூடாம ஓய மாட்டேன்” என்றாய். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். அது தட்டுக்கு வெளியே சிந்தியதை நீ பார்த்தாய். “கவலப்படாத, உன் கரும்ப வேற ஆலைக்கு மாத்திக்கலாம்” என்று என்னைச் சமாதானப்படுத்தினாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு அப்பளம் வேணுமா என்று கேட்டேன். தம்பி, கரையை வெட்டியது தண்ணீர் இல்லாத ஆத்திரத்தில் செய்த தப்பு. அதைவிடப் பெரிய தப்பு அன்றைக்கு உனக்கு எதிரே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

உன் மனுவைப் பார்த்து அதிகாரிகள் ஆலையை நிறுத்தினார்கள். ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. சங்குச் சத்தம் இல்லை, டிராக்டர் இல்லை. வெட்டாள்கள் அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுக் குந்தியிருந்தார்கள். புயலில் சாய்ந்த கரும்பு இன்னும் பாதி ஊருக்குக் கொல்லையில் கிடந்தது, ஒவ்வொரு நாளும் காய்ந்துகொண்டே வந்தது. ராமலிங்கம் ஒரு நாள் நம் வரப்பில் வந்து நின்றார். உடைந்த கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யக்கா, தண்ணி அழுத்தி ஒடைஞ்ச கர இப்பிடி ஒடையாது. இது மட வெட்டுற வெட்டு” என்றார். “நான் யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். புயல் நேரத்துல எங்களுக்கு சோறு போட்ட வீடு” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் வேலை போகும் என்று தெரிந்தும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டார் பார், அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆலை வாசலில் பந்தல் போட்டு அதிகாரிகள் கருத்துக் கேட்டார்களே, அந்தக் கூட்டத்துக்கு நீ உன் ஆட்களோடு வந்து ஒரு பக்கம் உட்கார்ந்தாய். மறுபக்கம் ஊர். எத்தனை பேர் வந்தார்கள் பார்த்தாயா? ஆலைக்காரன் லாரி வைத்துக் கூட்டிவந்த கூட்டம் என்று உன் பக்கத்தில் ஒருத்தர் சொன்னார். அத்தனை பேரும் கால்நடையாக வந்தவர்கள். வெட்டாள் பெண்கள் மடியில் பிள்ளையோடு வந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஆலை வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் கரை எப்படி உடைந்தது என்று கேட்டால் “தானா ஒடைஞ்சிச்சு சார்” என்றார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டு ஏதோ எழுதினார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்துவிட்டது, இதோடு ஆலை மூடிவிடும் என்று.

எழுந்துவிட்டேன். உங்கப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டேன். “சார், கரைய வெட்டுனது நான். மம்புட்டி என்னுது, கையி என்னுது. ஆலைக்காரவுங்க வெட்டல, அவுங்க தொறந்தும் விடல. மூடுறதா இருந்தா என்னைய மூடுங்க” என்றேன். பந்தலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நீ தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? ஆலை மேனேஜரையும் பார்த்துச் சொன்னேன். “நீங்களும் ஒண்ணும் புண்ணியவான் இல்ல. எரும ஏறுனா சரியிற மாதிரி மண்ணுக் கர வெச்சிருந்தீங்க. கல்லு கட்டுங்க. கட்டுற வரைக்கும் நாங்களும் ஒக்காந்து பாப்போம்” என்றேன். அவர் எழுந்து நின்று சரி என்று தலையாட்டினார். ஆலைக்கு நான் கூஜா தூக்கினேன் என்று சொல்கிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்.

பத்தாம் நாள் என் மேல் கேஸ் போட்டார்கள், ஆலையைத் தற்காலிகமாகத் திறக்கச் சொன்னார்கள். கரையைக் கட்ட வீட்டுக்கு ஒரு ஆள் போனோம். கல் ஆலை கொடுத்தது, கூலி வாங்காமல் ஊர் சுமந்தது. ஏரியிலிருந்த பழுப்புத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, ஆடியில் மீன் குஞ்சு விட்டோம். மாதம் ஒரு முறை நாங்கள் மூன்று பெண்கள் மூன்று குட்டையையும் சுற்றிப் பார்க்கிறோம். போன மாதம் மூன்றாவது குட்டையில் வாடை அடித்தது, கேட்டில் உட்கார்ந்து சரிசெய்ய வைத்த பிறகுதான் எழுந்தோம். ஆலையை ஆதரிப்பது என்றால் எங்களுக்கு இதுதான். கும்பிடு போடவும் மாட்டோம், குழி தோண்டவும் மாட்டோம்.

ஆனால் நீ என்ன கேட்டாய்? பங்குனியில் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, அவுங்க ஏதாச்சும் குடுத்தாங்களா?” என்று கேட்டாய். ஆலையிடம் காசு வாங்கினேன் என்று ஊர் பேசியது எனக்கு உறைக்கவில்லை. நீ கேட்டது உறைத்தது. அன்றைக்கு உன்னை அடித்திருப்பேன், தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாய் என்று விட்டேன். ஆலை போனால் வேறு ஏதாவது வரும் என்று நீ லேசாகச் சொல்கிறாய். என்ன வரும் என்று நான் சொல்கிறேன். கரும்பை ஐம்பது மைல் தாண்டி யார் ஏற்றிக்கொண்டு போவார்கள்? கொல்லை தரிசாகும், கலர் கொடி நட்டு மனை போடுவான். வெட்டாள்கள் பெங்களூருக்குக் கல் சுமக்கப் போவார்கள். ஏரியைக் கவனிக்க ஆள் இருக்காது, ஏரியே இருக்காது. அப்போது நீ பாட்டிலைக் கொண்டுவந்தால் அதில் பிடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கும்?

உண்மை வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிற பிள்ளை நீ. சொந்த வீட்டில் உண்மை இருந்தால் மட்டும் அதை மறைக்க வக்கீல் வைக்கிறாய். ஆலை மேல் பழி இருந்தால் உன் மனுவும் ஜெயிக்கும், அம்மா பெயரும் கெடாது, கல்யாணமும் நடக்கும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ராமலிங்கம் எங்கே, வெட்டாள்கள் எங்கே, நான் எங்கே? பெற்ற தாயைக் காப்பாற்றத்தானே என்று நீ சொல்வாய். நான் உன்னிடம் காப்பாற்றச் சொல்லவில்லை. கோர்ட்டில் அபராதம் போட்டால் கட்டுகிறேன், உள்ளே வை என்றால் இருக்கிறேன். எனக்குப் பொய்யாக ஒரு நல்ல பெயர் வேண்டாம், ராசா.

ஸ்டெல்லா வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றுதானே இத்தனையும்? அதையும் கேட்டுவிடுவோம் என்று, உன்னிடம் சொல்லாமல், போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடலூர் முதுநகருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். சூசைராஜ், அவர் மனைவி, ஸ்டெல்லா மூன்று பேரையும் உட்கார வைத்து, உன்னிடம் மறைத்தது முதல் ஒன்றுவிடாமல் சொன்னேன். “வெள்ளிக்கிழம கோர்ட்டுல ஆமான்னுதான் சொல்லப்போறேன். உங்களுக்கு இஷ்டமில்லன்னா கல்யாணத்த நிறுத்திக்கலாம், எம்பையன் மேல தப்பில்ல” என்றேன். சூசைராஜ் சொன்னார்: “சம்பந்தி, முப்பது வருசமா இந்த ஆத்துல வலை போடுறேன். மீனு செத்து மெதந்தப்பெல்லாம் கும்பல் கும்பலா போயி கேட்டிருக்கோம். நாங்க இல்ல, அவுங்க, அவுங்க இல்ல, இவுங்கன்னுதான் சொன்னானுங்க. நான்தான்னு சொன்ன ஒரு ஆள நான் பாத்ததே இல்ல. இன்னிக்குத்தான் பாக்குறேன்.” அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா கேட்டது ஒன்றுதான், “கோர்ட்டு எத்தன மணிக்கு அத்தை?”

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் சிதம்பரம் வருகிறார்கள். என் பக்கத்தில் நிற்கப்போகிறார்களாம். வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் கூப்பிடவில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் சத்தமாகத்தான் சொல்வேன். நீ தெருவில் நின்றாலும் உனக்குக் கேட்கும்.

அம்மா